மூங்கில் குழாய் போன வழி

எங்கள் தெரு கடற்கரைத் தெரு. நான் பிறந்தபோது அங்கே கடல்தான் இல்லை.

தெலுக் ஆயர் என்று மலாயில் பெயர். தண்ணீர் வளைகுடா என்று அர்த்தம். சிங்கப்பூருக்கு வந்த ஆதி நாளில் நம் ஆட்களும் சீனர்களும் அந்த வளைகுடாவில்தான் வந்து இறங்கினார்கள். இறங்கிய கையோடு நாங்கள் ஒரு தர்காவைக் கட்டினோம், அவர்கள் நாலு வீடு தள்ளித் தங்கள் கடல் தாய்க்கு ஒரு கோயிலைக் கட்டினார்கள். இரண்டும் கடலைப் பார்த்து நின்றன. அப்புறம் சர்க்கார் பக்கத்து மலையை வெட்டி மண்ணைக் கொண்டுவந்து கடலில் கொட்டி அதைத் தூரத் தள்ளிவிட்டது. தர்காவும் கோயிலும் தெருவும் நகராமல் அதே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. எதிரே ரிக்‌ஷாக்கள் ஓடின.

இந்தக் கதையெல்லாம் எனக்குச் சாச்சா சொன்னது. வாப்பாவின் தம்பி. அலை நேரே வாசற்படியில் வந்து அடிக்குமாம். படகை எங்கள் வீட்டுத் தூணிலேயே கட்டுவார்களாம். சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து மீன்காரனைக் கூப்பிடலாமாம். சாச்சா இதைச் சொல்லும்போது கால் விரல்களை மடக்கிக்கொள்வார், நிஜமாகவே தண்ணீர் வந்து தொட்டதுபோல. அவர் ஊரிலிருந்து வந்து இறங்கியபோதே கடல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டிருந்தது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் என்ன? கடலைக் கண்ணால் பார்த்த வாப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பார்க்காத சாச்சாதான் எங்களுக்கு அலை ஓசை வரை கொண்டுவந்து கொடுத்தார்.

கடல் போனாலும் தெரு தன் பழக்கத்தை விடவில்லை. சாயங்காலம் ஆனால் ஐந்தடி நடைபாதையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து ஆண்கள் 'கரையில் காற்று வாங்குகிறோம்' என்பார்கள். வாப்பாவின் கடையில் கப்பல் கயிறும் பாய்த்துணியும் படகின் ஓட்டை அடைக்கிற குங்கிலியமும்தான் சரக்கு. கீழே கடை, மேலே நாங்கள். வீடு முழுக்கக் குங்கிலிய வாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு எட்டு வயசாகிவிடும்.

எட்டு வயசில்தான் இது நடந்தது.

வாப்பாவுக்கு நாகூரில் ஒரு வீடு இருந்தது. வீடு என்றால் வெறும் சுவர் இல்லை. அங்கே பெரியம்மா இருந்தாள், பெரியம்மாவுக்குக் கல்யாண வயசில் ஒரு மகள் இருந்தாள். அவர்களை நான் பார்த்ததில்லை. வாப்பாவின் முதல் மனைவி பெரியம்மா. சிங்கப்பூரிலேயே பிறந்த, பாதி மலாய்க்காரியான என் உம்மா இரண்டாவது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கடலுக்கு அக்கரையில் இன்னொரு பாதி இருந்தது. மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஆண்கள் கப்பலேறிப் போய்விட்டு வருவார்கள். பெரும்பாலானவர்கள் வருவார்கள். எதிர்வீட்டுக் குடைக்காரர் போனவர் வரவேயில்லை. அவருடைய மனைவி கொஞ்சநாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். பிறகு எங்கள் வீட்டுக்கு மாவிடிக்க வர ஆரம்பித்தாள்.

அந்த வருஷம் வாப்பாவின் மூத்த அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, புறப்பட்டு வா. வந்த பிறகு திரும்பிப் போக வேண்டாம், வயசும் ஆகிறது, கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு ஊரோடு இருந்துகொள். சாச்சா அதைச் சத்தமாகப் படித்தார். கடை கிடைக்கப்போகிறது என்ற சந்தோஷம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் படித்து முடித்ததும் பாவம், மூக்கைச் சிந்திக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். வாப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 'பாப்போம்' என்றார். வாப்பா எதற்கும் அதைத்தான் சொல்வார்.

அன்றைக்குக் குடைக்காரர் மனைவி இடித்துக்கொண்டிருந்த உலக்கையை வாங்கி மிச்ச மாவை உம்மா தானே இடித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

கப்பலுக்கு முந்தின நாள் காலையில் உம்மா என்னைச் சமையற்கட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் கையில் ஒரு சாண் நீள மூங்கில் குழாய் இருந்தது. வாய்க்குக் கட்டையால் மூடியிட்டு, மேலே குங்கிலியம் காய்ச்சி ஊற்றியிருந்தாள்.

குழாய் என்னவென்று எனக்குத் தெரியும். நாகூரில் அடங்கியிருக்கும் அவுலியாவை, அந்த இறைநேசரை, எங்கள் வீட்டில் எஜமான் என்போம். எஜமானிடம் ஏதாவது கேட்க வேண்டும், போக வசதியில்லை என்றால், கேட்பதை எழுதிக் குழாயில் வைத்து, கொஞ்சம் சந்தனமும் பச்சைத்துணிக் கிழிசலும் சேர்த்து அடைத்துக் கடலில் விட்டுவிட வேண்டியது. அது எத்தனை மாதம் ஆனாலும் அலைந்து திரிந்து நாகூர்க் கரையில் போய் ஒதுங்கும். யாராவது எடுத்துத் தர்காவில் சேர்ப்பார்கள். சேராமல் போனதாக யாரும் வந்து சொன்னதில்லை. அந்த நாளில் தெருப் பெண்கள் வாசற்படியில் குனிந்து குழாயைத் தண்ணீரில் விட்டுவிட்டு உள்ளே போய் உலையைப் பார்ப்பார்களாம். இதுவும் சாச்சா சொன்னதுதான்.

"இப்ப எறக்கம். தண்ணி வெளிய போற நேரம். நீ போயி போட்டுட்டு வா" என்றாள் உம்மா. போடுகிற கை பாவம் அறியாத கையாக இருக்க வேண்டும், போட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"உம்மா, வாப்பா போவக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்களா?"

"எழுதுனத கேக்கக் கூடாது. போ புள்ள, வெயில் ஏறிடும்."

உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் ஓதக் கற்றுக்கொண்ட எங்கள் பெண்கள் எல்லோரையும் போல அரபு எழுத்தில் தமிழை எழுதுவாள். நான் ஓதும் பள்ளியில் மந்தம். குழாய் திறந்திருந்தாலும் என்னால் படித்திருக்க முடியாது. படிக்கத் தேவையும் இல்லை என்று நினைத்தேன். உம்மாவும் நானும் ஒன்றைத்தானே கேட்போம்? வாப்பா போகக் கூடாது. போனால் வராமல் இருக்கக் கூடாது.

துப்பட்டிக்குள் குழாயை மறைத்துக்கொண்டு ஓடினேன். தெருவைத் தாண்டி, கடல் இருந்த இடத்தில் எழும்பியிருந்த சரக்குக் கிட்டங்கிகளைத் தாண்டி, மண் மேட்டைத் தாண்டிப் போனால்தான் கடல். அது சாச்சா சொன்ன கடல் இல்லை. கல்லால் கட்டிய சுவரின் கீழே கலங்கலாகக் கிடந்தது. கரிமூட்டை சுமப்பவர்களும் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் தொங்கான் படகுகளுமாக மூச்சுவிட இடமில்லை. நான் ஒரு படிக்கட்டைக் கண்டுபிடித்து இறங்கி, பிஸ்மி சொல்லிக் குழாயைப் போட்டேன். திரும்பிப் பார்க்காமல் ஏறினேன். பாதிப் படியில் காலில் ஏதோ தட்டியது. அலை குழாயைத் தூக்கிக் கல்லில் அடித்து என் காலடியிலேயே போட்டிருந்தது.

இரண்டாவது தடவை சுவரின் மேலே நின்று பலங்கொண்ட மட்டும் வீசினேன். அது இரண்டு தொங்கான்களுக்கு நடுவே விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் பத்தடி நடந்திருப்பேன். "பாப்பா! ஏ பாப்பா!" என்று ஒரு குரல். கறுத்து உயர்ந்த ஒரு தொங்கான்காரர், நம் தமிழ் ஆள், கழியால் குழாயை எட்டி இழுத்து எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே ஓடி வந்தார்.

"தண்ணிப் பக்கம் வெளையாடாதம்மா. இந்தா, பத்திரமா வச்சிக்க" என்று இடுப்புத் துணியில் துடைத்துக் கொடுத்தார். அவருடைய முகத்தில் இருந்த கருணையை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

வேண்டாம், இதைப் போடத்தான் வந்தேன் என்று சொல்லலாமா? யாரிடமும் சொல்லக் கூடாது. மறுபடி வீசலாமா? அவர் நான் வீடு போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். குழாயோடு திரும்பி நடந்தேன். அழுகை வந்தது. பழைய கடலாக இருந்தால் வாங்கிக்கொண்டிருக்கும். இந்தப் புதுக் கடலுக்கு எஜமானைத் தெரியவில்லை.

வீட்டில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. உம்மா சமையற்கட்டில் வழிக்குக் கட்டிக் கொடுக்க ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். வாப்பாவும் சாச்சாவும் கீழே கடையில் இருந்தார்கள். கூடத்து நடுவில் வாப்பாவின் கற்பூரமரப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. கைலிகள், சீனத்துக் கோப்பைகள், கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பட்டு. நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அதுவும் நாகூருக்குத்தானே போகிறது?

எனக்கே என் புத்தியை நினைத்து ஆச்சரியமாக இருந்தது. மாதக்கணக்கில் தண்ணீரில் அலைய வேண்டாம், சுறா விழுங்கும் பயம் வேண்டாம், தொங்கான்காரர் தொல்லை இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் நேரே ஊருக்கு. இவ்வளவு காலமாக இந்தத் தெருவில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று பெரியவர்கள் மேல் இரக்கம்கூட வந்தது. வாப்பா போகக் கூடாது என்று கேட்டிருந்தால், அவரோடேயே குழாய் போவது கொஞ்சம் இடிக்கத்தான் செய்தது. ஆனால் எஜமான் பார்த்துக்கொள்வார். பட்டுக்கு அடியில், அடிப்பலகையோடு ஒட்டிக் குழாயை வைத்து, மேலே எல்லாவற்றையும் பழையபடி அடுக்கினேன்.

"போட்டியா?" என்றாள் உம்மா.

"போட்டேன்" என்றேன். இரண்டு தடவை போட்டேன். அதில் பொய் இல்லை.

வாப்பா மறுநாள் போனார். கப்பலுக்குக் கொண்டுபோகும் சம்பான் படகில் ஏறும்போது என் தலையைத் தடவி, 'பாப்போம்' என்றார். நான் கேட்டது ஒன்றும் இல்லை, அவராகவே சொன்னார்.

அதன்பிறகு எட்டு மாதம். கல்யாணம் முடிந்தது என்று ஒரு கடிதம் வந்தது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, கடிதம் இல்லை. சாச்சா கல்லாவில் வாப்பாவின் இடத்தில் உட்காராமல் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். உம்மா மெலிந்தாள். ஒருநாள் குடைக்காரர் மனைவி, "முதல்ல அப்புடித்தான் இருக்கும், அப்புறம் பழகிடும்" என்று உம்மாவிடம் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். உம்மா அவளை மூன்று நாள் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டாள். உம்மா அப்படி ஒருவரிடம் நடந்து நான் பார்த்ததேயில்லை. எனக்கு இரவும் பகலும் அந்தக் குழாய் நினைப்புத்தான். கடலில் போட்டிருந்தால் சேர்ந்திருக்குமோ, நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

ஒன்பதாம் மாதம் ஒரு சாயங்காலம், தெரு காற்று வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், வாப்பா ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார். இளைத்திருந்தார், இருமினார். சாச்சா முக்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். நான் வாப்பாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. இனி எப்போதும் இங்கேதானா என்று சாச்சா கேட்டதற்கு, "இங்கதான். அவங்களே போவச் சொல்லிட்டாங்க" என்றார் வாப்பா. யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எஜமான்தான்.

பெட்டியைப் பிரித்தது உம்மா. எங்கள் வீடுகளில் பயணம் போய் வந்த ஆணின் பெட்டியை அந்த வீட்டுப் பெண்தான் பிரிப்பாள். அவர் தொடவும் மாட்டார். இந்த வழக்கம் அந்தக் கரையிலும் உண்டு என்பதை நான் யோசித்திருக்கவில்லை. உம்மா துணிகளை எடுத்தாள், நாகூர் அல்வாவை எடுத்தாள், கடைசியில் அடிப்பலகையிலிருந்து மூங்கில் குழாயை எடுத்தாள். குங்கிலியத்தை உடைத்துவிட்டு, புதிதாக மெழுகு வைத்து அடைத்திருந்தது.

உம்மா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குழாயை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. வெளியே வந்தபோது கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன, கையில் ஒரு கோப்பைச் சுக்கு வெந்நீர் இருந்தது. வாப்பாவிடம் நீட்டினாள். அதற்கு முன் உம்மா வாப்பாவுக்குச் சுக்கு வெந்நீர் போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் இருமலுக்கு இஞ்சியும் பனஞ்சர்க்கரையும்தான், மலாய்ப் பக்குவம். வாப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. நான் தப்பித்தேன் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது உம்மா வாப்பாவிடம், "ஊருக்குப் போயிட்டு வாங்க" என்றாள். வாப்பாவுக்குப் போக மனமில்லை. முட்டி வலி என்றார், கப்பல் ஒத்துக்கொள்வதில்லை என்றார், 'பாப்போம்' என்றார். உம்மா விடவில்லை. தானே பெட்டியை இழுத்து வந்தாள், தானே அடுக்கினாள். கடைசியாக என் கண் முன்னாலேயே ஒரு புது மூங்கில் குழாயை எடுத்து அடியில் வைத்தாள்.

"கடல்ல போடலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதவிட நல்ல வழிதான் ஒனக்குத் தெரியுமே" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பா, என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

அதன்பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வாப்பா போனார், நாலாம் மாதம் தவறாமல் திரும்பி வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு குழாய் போயிற்று, ஒரு குழாய் வந்தது. தன் பெட்டிக்குள்ளேயே தன்னைப் பற்றிய பேச்சு போய்வருவது அவருக்குக் கடைசிவரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் 'பாப்போம்' என்றிருப்பார்.

உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அவளுடைய துணிகளுக்கு நடுவில் அந்தக் குழாய்கள் இருந்தன. அதற்குள் எனக்கு அரபுத் தமிழ் சரளமாகியிருந்தது. முதல் குழாயில் ஒரே தாள். மேல்பாதி உம்மாவின் கோணல் எழுத்து.

'எஜமானே, அவங்களைப் போகவேண்டாமென்று நான் கேட்கவில்லை. அங்கே காத்திருப்பவளும் என்னைப் போலத்தான். மகளைக் கட்டிக் கொடுத்து, அந்த வீட்டு மனம் குளிர அவங்க இருந்த பிறகு, என் பிள்ளைக்காகத் திருப்பி அனுப்பி வையுங்கள். எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.'

கீழ்ப்பாதி வேறு கை. அழகான, பழகின எழுத்து.

'எஜமானுக்கு எழுதியது என் கைக்கு வந்தது. அதுவும் எஜமானின் நாட்டம். அவங்க இங்கேயே இருந்துவிட வேண்டுமென்றுதான் நானும் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். இதைப் படித்த பிறகு கேட்கவில்லை. அனுப்பி வைக்கிறேன். நெஞ்சில் சளி இருக்கிறது, சாயங்காலம் சுக்கு வெந்நீர் கொடு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் எனக்கும் முகத்தைக் காட்டச் சொல்.'

அன்றைக்கு நான் அழுத அழுகை உம்மாவுக்காக மட்டும் இல்லை. நான் பார்த்தே இராத பெரியம்மாவுக்காகவும்தான். ஒரு எட்டு வயசுப் பெண்ணின் கெட்டிக்காரத்தனம் அவளிடமிருந்து என்னத்தை வாங்கிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் இதையெல்லாம் அறியாத பத்து வயசில், உம்மா தன் கையாலேயே வாப்பாவைக் கப்பலேற்றிய அந்த முதல் தடவை, துறையிலிருந்து வீடு திரும்பியதும் நான் கத்தித் தீர்த்தேன். நீங்கள்தான் அனுப்பினீர்கள், வராமல் போனால் நீங்கள்தான் காரணம், இதற்கா எஜமானிடம் எழுதிக் கேட்டீர்கள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். உம்மா காலி இடமாகக் கிடந்த கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கி முடித்துத் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள்:

"நாம கேட்டது கெடச்சிதுல்ல? இப்ப நம்ம மொற."

நம்ம முறை என்றால் தர்காவுக்குப் போய்ச் சர்க்கரை வைத்து ஓதி நேர்ச்சையைத் தீர்ப்பது என்றுதான் எனக்குப் பட்டது. கேட்டது கிடைத்தால் வேறு என்ன செய்வார்கள்? முகத்தைக் கழுவி, நல்ல துப்பட்டியாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, உம்மா வருவாள் என்று வாசற்படியில் போய் நின்றேன். அவள் வரவில்லை. இருட்டும்வரை, கடல் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.